இணைய விவாதக் குழுவில் இருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பொருளைப் பற்றிப் பேசுவதற்கென்றே இணையத்தில் கூடும் குழுக்களைப் பற்றியது இந்தப் பக்கம். மடலாடற்குழு (மின்னஞ்சல் வழியாக உரையாடும் குழு), மன்றம், வாட்ஸ்அப் குழு, டெலிகிராம் குழு என்று வடிவம் எதுவானாலும், சேரலாமா என்று யோசிப்பவர்களும், சேர்ந்து சில காலம் கழித்துச் சலித்துப்போனவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இக்குழுக்களின் நன்மையும் தொல்லையும் ஒரே காரணத்திலிருந்து பிறக்கின்றன: முன்பின் அறியாதவர்கள் இங்கே நம்மிடம் தடையின்றிப் பேசலாம். ஆகவே தொல்லையை முற்றிலும் விலக்கிவிட்டு நன்மையை மட்டும் வைத்துக்கொள்ள வழி இல்லை. தொல்லையைத் தாங்கக்கூடிய அளவில் வைத்துக்கொள்ள வழிகள் உண்டு.

தேடுபொறியும் உரையாடல் செயலிகளும் இருக்கும்போது குழு எதற்கு?

தேடுபொறி நாம் கேட்டதற்கு விடை தருகிறது. நல்ல குழுவோ, நாம் கேட்க வேண்டியது அதுதானா என்று திருப்பிக் கேட்கிறது. ஈரம் கசியும் சுவரில் எந்தப் பெயின்ட் நிற்கும் என்று தேடினால் பெயின்ட் வகைகளின் பட்டியல் வந்து சேரும். அதையே கட்டுமான வேலை தெரிந்தவர்கள் உள்ள குழுவில் கேட்டால், சுவருக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடுகிறதா, கசிவு ஆண்டு முழுவதும் இருக்கிறதா, மழைக்காலத்தில் மட்டும் வருகிறதா என்று ஒருவர் மாற்றி ஒருவர் விசாரிப்பார்கள்; அந்த விசாரணையிலேயே பாதி விடை கிடைத்துவிடும். உரையாடல் செயலிகளும் இன்று திருப்பிக் கேட்கின்றன என்பது உண்மைதான். ஆனால் ஒரு வழியைச் செய்து பார்த்து, அது இரண்டாம் ஆண்டில் பலிக்காமல் போனதை அனுபவித்தவர், "அதைச் செய்யாதீர்கள்" என்று சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு மனிதர் நிற்கிறார். அவரிடம் மேலும் கேட்கலாம், மறுக்கலாம், ஆறு மாதம் கழித்து வந்து என்ன நடந்தது என்று சொல்லலாம்.

இன்னொரு பயனும் உண்டு. என் மதிப்பீட்டில் அதுவே பெரியது. முடிவு பெறாத ஒன்றைக் கொண்டுபோய் வைக்க இக்குழுக்கள் இடம் தருகின்றன. 1991 ஆகஸ்ட் 6 அன்று டிம் பெர்னர்ஸ் லீ தம்முடைய உலகளாவிய வலைத் திட்டத்தைப் பற்றி யூஸ்நெட் என்ற அக்கால விவாத வலையமைப்பின் செய்திக் குழு ஒன்றில் எழுதினார். அதே மாதம் 25ஆம் தேதி, லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர், தாம் பொழுதுபோக்காக ஒரு இயங்குதளம் செய்துவருவதாகவும், அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்றும் இன்னொரு செய்திக் குழுவில் கேட்டார். அதுவே பின்னாளில் லினக்ஸ் ஆயிற்று. இரண்டையும் அறிமுகமில்லாத வாசகர்கள் எடுத்து இயக்கிப் பார்த்தார்கள், குறை சொன்னார்கள், திருத்தினார்கள். அரைகுறையாக இருக்கும்போதே ஒன்றைக் காட்டவும், அதைப் பொருட்படுத்திப் பதில் சொல்லும் ஆட்களைப் பெறவும் வேறு எங்கே இவ்வளவு எளிதாக முடியும்?

பழகியவர்களிடம் கேட்டால் போதாதா?

பெரும்பாலும் போதாது. நமக்கு நெருக்கமானவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். ஒரே வட்டத்தில் ஒரே செய்திதான் சுற்றிவரும். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், வேலை வாய்ப்பு போன்ற புதிய செய்திகள் நெருங்கியவர்களைவிட அரிதாகச் சந்திக்கும் அறிமுகங்கள் வழியாகவே அதிகம் வந்துசேர்கின்றன என்று காட்டினார். விவாதக் குழு என்பது அத்தகைய மெல்லிய உறவுகளின் பெருந்தொகுப்பு. தவிரவும், குடும்பத்தாரிடம் சொல்லத் தயங்கும் நோயையோ கடனையோ துயரத்தையோ, அதே நிலையில் இருக்கும் அந்நியர்களிடம் சொல்வது சிலருக்கு எளிதாக இருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எழுதாமல் படித்துக்கொண்டு மட்டும் இருக்கலாமா?

இருக்கலாம், பெரும்பாலோர் அப்படித்தான் இருக்கிறார்கள். இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006இல் இதற்கு ஒரு தோராயக் கணக்குச் சொன்னார்: நூறு பேரில் 90 பேர் படிப்பதோடு நிற்பார்கள், 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவரே தொடர்ந்து எழுதுவார். எல்லாக் குழுக்களுக்கும் இது பொருந்தாது. நோயாளிகள் கூடும் குழுக்களில் எழுதுபவர்களின் பங்கு கூடுதலாகவும், மென்பொருள் உதவிக் குழுக்களில் குறைவாகவும் இருப்பதைப் பிளேர் நானெக்கே, ஜென்னி பிரீஸ் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில் கண்டார்கள். துயரத்தில் இருப்பவருக்குப் பேச வேண்டியிருக்கிறது. பிழையைச் சரிசெய்ய வந்தவருக்கு விடை கிடைத்தால் போதும்.

ஆயினும் மௌன வாசகர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு விடை உங்களுக்குப் பயன்பட்டால் அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். தொடர்ந்து எழுதும் சிலர் சோர்ந்து விலகுவதற்கு, தாங்கள் எழுதுவது யாருக்காவது போய்ச் சேர்கிறதா என்று தெரியாமல் போவதே முக்கியக் காரணம்.

புதிதாகச் சேர்ந்து கேள்வி கேட்டேன். முகத்தில் அடித்தாற்போல் பதில் வந்தது. ஏன்?

உங்களுக்கு அது முதல் கேள்வி. அவர்களுக்கு அது பலமுறை கேட்டுச் சலித்த கேள்வி. இந்த உரசல் மிகப் பழையது. 1980இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த யூஸ்நெட்டில், ஒவ்வொரு செப்டம்பரிலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புதிய மாணவர்கள் சேர்ந்து உள்ளே வருவார்கள். நடைமுறை தெரியாமல் சில வாரம் தடுமாறுவார்கள். பழையவர்கள் சொல்லிக்கொடுக்க, பிறகு அடங்கும். 1993 முதல் வணிக இணையச் சேவைகளின் வாடிக்கையாளர்கள் ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருந்தார்கள். சொல்லிக்கொடுப்பவர்களைவிடக் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் பெருகிவிட்டதால், பழைய உறுப்பினர்கள் அதை முடிவில்லாத செப்டம்பர் என்று அழைக்கத் தொடங்கினார்கள். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது போன்ற கேள்வி பதில் பக்கங்கள் பரவலானதும் அந்த யூஸ்நெட் குழுக்களில்தான். திரும்பத் திரும்ப விளக்கும் வேலையைக் குறைக்க அவற்றை எழுதி, குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி மறுபடி இட்டுவந்தார்கள்.

ஆகவே முதல் கேள்விக்கு முன் பழைய இழைகளை, அதாவது ஒரு கேள்வியும் அதற்கு வந்த பதில்களும் சேர்ந்த தொடர்களை, தேடிப் பாருங்கள். கேட்கும்போது, இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பழைய உறுப்பினர்களுக்கும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பதில் சொல்லச் சலிப்பாக இருந்தால் அந்தக் கேள்வியைக் கடந்து போய்விடலாம், வேறொருவர் சொல்வார். கடுஞ்சொல்லால் விரட்டப்பட்டவர் மறுபடி வருவதில்லை. அவரிடம் இருந்திருக்கக்கூடிய அறிவும் அவரோடே போய்விடுகிறது.

நல்லெண்ணத்தோடு எழுதிய வரி சண்டையாக மாறுவது எதனால்?

நேரில் பேசும்போது சொல்லோடு குரலும் முகமும் சேர்ந்து வருகின்றன. எழுத்தில் அவை இல்லை. ஆனால் எழுதுகிறவருக்குத் தம் குரல் தம் மனத்துக்குள் கேட்டுக்கொண்டே இருப்பதால், படிப்பவருக்கும் அது கேட்கும் என்று நம்பிவிடுகிறார். ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி முதலியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களைக் கேலியாகவும் உண்மையாகவும் வாக்கியங்களை மின்னஞ்சலில் அனுப்பச் செய்தார்கள். படிப்பவர்கள் கேலியைச் சரியாகக் கண்டுகொள்வார்கள் என்று அனுப்பியவர்கள் உறுதியாக நம்பினார்கள். படித்தவர்களோ, கண்ணை மூடிக்கொண்டு ஊகித்திருந்தால் கிடைத்திருக்கும் அளவைவிடச் சிறிதே மேலாகக் கண்டறிந்தார்கள். அதே வாக்கியங்களைக் குரலில் கேட்டவர்கள் நன்றாகவே கண்டுபிடித்தார்கள்.

இதை முதலில் உணர்ந்தவர்கள் குழுக்களில் இருந்தவர்களே. 1982 செப்டம்பர் 19 அன்று கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் மின் அறிவிப்புப் பலகையில், வேடிக்கையாக எழுதப்பட்ட ஒன்றைச் சிலர் மெய்யென்று எடுத்துக்கொண்ட குழப்பத்தைத் தொடர்ந்து, ஸ்காட் ஃபால்மன் என்ற பேராசிரியர் வேடிக்கைப் பதிவுகளின் பக்கத்தில் :-) என்ற குறியை இடலாம் என்று முன்மொழிந்தார். இன்றைய எமோஜிகளின் முன்னோடி அது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் குழப்பம் தீரவில்லை என்பதைப் பார்த்தால், குறிகள் குரலுக்கு ஈடாகா என்றே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

முகம் தெரியாதபோது நம் கட்டுப்பாடு தளர்ந்துபோவது இரண்டாவது காரணம். உளவியலாளர் ஜான் சூலர் 2004இல் இதை ஆராய்ந்து எழுதியபோது, இந்தத் தளர்ச்சிக்கு இரு முகங்கள் உண்டு என்றார். யாரிடமும் சொல்லாத துன்பத்தை மனம் திறந்து சொல்லவைப்பதும் அதுதான். நேரில் ஒருபோதும் சொல்லத் துணியாத வசையைச் சொல்லவைப்பதும் அதுதான். மூன்றாவதாக, குழுச் சண்டைக்கு எப்போதும் பார்வையாளர்கள் உண்டு. தனியே பேசும்போது விட்டுக்கொடுப்பவர் பலர் பார்க்கும்போது விட்டுக்கொடுக்கத் தயங்குவார். இந்த மூன்றாவது காரணத்தை நாம் போதிய அளவு கருதுவதில்லை என்று நினைக்கிறேன்.

அப்படி ஒரு சண்டையில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது?

பார்வையாளர்களை நீக்குங்கள். எதிர்த்தரப்பாருக்குத் தனிச் செய்தி அனுப்பி, அவர் எழுதியதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்று சொல்லி, அது சரிதானா என்று கேளுங்கள். பொதுவில் ஒரு வாரம் நீளக்கூடிய பகை அங்கே சில வரிகளில் தீர்ந்துவிடும். பொதுவில்தான் மறுக்க வேண்டும் என்றால், அவர் சொன்ன கருத்தை அவரே ஒப்புக்கொள்ளும் விதமாக எடுத்துச் சொல்லிவிட்டுப் பிறகு மறுப்பை எழுதுங்கள். இரவில் எழுதிய காரமான பதிலை அனுப்பாமல் வைத்திருந்து காலையில் படித்துப் பாருங்கள். 1995இல் வெளியான ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நடத்தைக் குறிப்பும், உணர்ச்சியூட்டும் செய்திக்கு ஓர் இரவு உறங்கி எழுந்த பிறகு பதில் எழுதும்படியே அறிவுறுத்துகிறது.

கருத்து வேறுபாடு உள்ளவருக்கே இவையெல்லாம். சீண்டுவதற்கென்றே வருகிறவர் வேறு. அவருக்கு வேண்டியது பதில்; எந்தப் பதிலும் அவருக்குப் போதும். அவரை நிர்வாகியிடம் தெரிவித்துவிட்டு, அவர் எழுதுவது உங்கள் கண்ணில் படாதபடி தடுத்துவிடுங்கள்.

மட்டுறுத்துநர்கள் (பதிவுகளைக் கண்காணித்து, தகாதவற்றை நீக்கும் பொறுப்பாளர்கள்) பாரபட்சமாக நடக்கிறார்களே?

சில இடங்களில் நடக்கிறார்கள். ஆனால் அவர்கள் செய்யும் வேலை என்னவென்று பார்த்துவிட்டு அதைச் சொல்வதே முறை. நல்ல குழுவில் விளம்பரக் குப்பை கண்ணில் படுவதில்லை, வசை நீடிப்பதில்லை, ஒரே கேள்வி பத்து இழைகளாகப் பிரிவதில்லை. யாரோ ஒருவர் தம் ஓய்வு நேரத்தில், பெரும்பாலும் ஊதியமின்றி, அவற்றை அப்புறப்படுத்திக்கொண்டிருப்பதே காரணம். அந்த வேலை நன்றாக நடக்கும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. தவறும்போது மட்டும் தெரிகிறது. ஒரு பதிவு ஏன் நீக்கப்பட்டது என்று கேட்பவர், அதே நாளில் நீக்கப்பட்ட மற்றவற்றைப் பார்த்திருக்க மாட்டார்.

2023 ஜூனில், ரெடிட் என்ற விவாதத் தளம், அதைப் பயன்படுத்தப் பிறர் உருவாக்கிய வெளிச் செயலிகளுக்குப் புதிய கட்டணம் விதிக்க முன்வந்ததை எதிர்த்து, அங்குள்ள ஆயிரக்கணக்கான குழுக்களின் தன்னார்வ மட்டுறுத்துநர்கள் தங்கள் குழுக்களைத் தற்காலிகமாக மூடினார்கள். அந்தச் செயலிகளில் சில அவர்களின் அன்றாட வேலைக்கே கருவிகளாக இருந்தவை. அந்தச் சில நாட்களில் தளத்தின் பெரும்பகுதி படிக்க முடியாமல் போனபோது, கூலியில்லா உழைப்பின்மீது அது எவ்வளவு தூரம் நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

பாரபட்சம் மெய்யாகவே இருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. விதிகள் எழுதப்பட்டிருக்கின்றனவா, நிர்வாகியின் நண்பருக்கும் அவை பொருந்துகின்றனவா, நீக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்லப்படுகிறதா என்று பாருங்கள். மூன்றும் இல்லாத குழுவில் முறையிட்டுப் பயனில்லை. இருக்கின்ற குழுவில், முடிவு உங்களுக்கு எதிராகப் போனாலும் அதை மதிப்பதே நியாயம். குறை சொல்பவர்களில் ஒருசிலராவது மட்டுறுத்தும் பொறுப்பைச் சிறிது காலம் ஏற்றுக்கொள்ள முன்வந்தால் எத்தனையோ குழுக்கள் பிழைத்துக்கொள்ளும்.

குழுவில் கிடைக்கும் மருத்துவ ஆலோசனையை நம்பலாமா?

அனுபவத்தை நம்பலாம், பரிந்துரையை நம்பக் கூடாது. நீண்டநாள் நோயோடு வாழ்பவர்களின் குழுக்களுக்கு ஈடாக வேறொன்று இல்லை என்றே சொல்வேன். ஒரு மருந்து எந்த நேரத்தில் களைப்பைத் தருகிறது, அறுவைக்குப் பின் எந்தப் பக்கம் படுத்தால் வலி குறைகிறது, மருத்துவரிடம் மறக்காமல் கேட்க வேண்டியவை யாவை என்பன போன்ற வாழ்ந்தறிந்த செய்திகளை விளக்கமாகச் சொல்ல எந்த மருத்துவருக்கும் நேரம் இருப்பதில்லை. அரிய நோயுள்ளவருக்கோ, தம்மைப் போல் இன்னொருவர் இருக்கிறார் என்று முதன்முதலில் தெரியவருவதே குழுவில்தான்.

ஆனால் குழுவில் தெரியும் படம் முழுப் படமன்று. சிகிச்சை பலித்தவர் நலமடைந்து, குழுவை மறந்துவிடுகிறார். பலிக்காதவர் தங்கி, தொடர்ந்து எழுதுகிறார். அதனால் பக்கவிளைவுகள் உள்ளதைவிட அதிகமாகவும், பொதுவான சிகிச்சை உள்ளதைவிடப் பயனற்றதாகவும் தோன்றும். மாறாக, அதிசயமாகக் குணமானதாகச் சொல்பவரின் பதிவு எங்கும் பகிரப்படும். அதையே செய்து குணமாகாதவர்கள் எழுதவே மாட்டார்கள். எனவே ஒரு விடையைப் பார்த்தால், இவருக்கு இது எப்படித் தெரியும் என்று முதலில் கேளுங்கள்: தாமே அனுபவித்தாரா, தொழிலாகச் செய்கிறாரா, எங்கோ படித்தாரா? மருந்தின் அளவை மாற்றச் சொல்லும் எந்தப் பதிலையும் உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் பின்பற்றாதீர்கள். பணம், சட்டம் பற்றிய ஆலோசனைக்கும் இதே அளவுகோல் பொருந்தும். அங்கே சொல்பவருக்கு அதில் ஆதாயம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்களைத் தனிச் செய்திக்கு அழைத்து முதலீட்டைப் பற்றிப் பேசுபவரிடமிருந்து உடனே விலகிவிடுங்கள்.

எல்லோரும் ஒரே கருத்தைச் சொல்லும் குழுவில் இருப்பதில் என்ன தீங்கு?

ஒத்த கருத்துள்ளவர்கள் கூடிப் பேசினால், பேசி முடிக்கும்போது தொடக்கத்தைவிடத் தீவிரமாகிவிடுகிறார்கள். செர்ஜ் மோஸ்கோவிச்சி, மரிசா சவலோனி இருவரும் பிரெஞ்சு மாணவர்களிடம் செய்து 1969இல் வெளியிட்ட சோதனை இதைக் காட்டியது: தங்கள் அரசுத் தலைவரை ஏற்கெனவே விரும்பியவர்கள் கலந்து பேசிய பின் இன்னும் விரும்பினார்கள், அமெரிக்கர்கள்மீது குறை கொண்டிருந்தவர்கள் மேலும் குறை கண்டார்கள். இணையம் பிறக்கும் முன்பே அறியப்பட்ட இயல்பு இது. குழுவில் மாற்றுக் கருத்தைப் பணிவாகச் சொல்பவர் ஒருவராவது நிம்மதியாக இருக்க முடிகிறதா என்று பாருங்கள். அவர் வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து அந்தக் குழுவில் நீங்கள் கற்றுக்கொள்ள அதிகம் இருக்காது.

சம்பந்தமில்லாத ஃபார்வர்டுகளையும் வாழ்த்துப் படங்களையும் எப்படி நிறுத்துவது?

விதியாக எழுதிவைத்து, முதல் மீறலிலேயே நிர்வாகி நினைவூட்டினால்தான் நிற்கும். வாட்ஸ்அப் 2019 ஜனவரியில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி உலகெங்கும் வரம்பிட்டது; பலமுறை அனுப்பப்பட்ட செய்திகளுக்கு 2020 ஏப்ரலில் அதை ஒன்றாகக் குறைத்தது. அனுப்புபவரின் பழக்கத்தை எந்த வரம்பும் மாற்றாது. அரட்டைக்குத் தனிக் குழு ஒன்றைத் தொடங்கிக் கொடுப்பது பல இடங்களில் பலன் தருகிறது.

குழு என் நேரத்தை விழுங்குகிறது. என்ன செய்யலாம்?

நோட்டிபிகேஷனை நிறுத்திவிட்டு, நாளில் ஒரு நேரத்தை ஒதுக்கிப் படியுங்கள். விவாதம் உங்களுக்காகக் காத்திருக்கும். காத்திருக்காத விவாதத்தைத் தவறவிட்டதால் இழப்பு பெரிதாக இருக்காது.

நான் எழுதுவது எவ்வளவு காலம் இருக்கும்?

நீங்கள் நினைப்பதைவிட நீண்ட காலம் இருக்கலாம், அல்லது குறுகிய காலத்தில் மறையலாம். இரண்டும் நடந்திருக்கின்றன.

சில வாரங்களில் அழிந்துவிடும் என்று நம்பி 1980களில் யூஸ்நெட்டில் எழுதியவர்கள் பலர். 2001இல் கூகுள், யூஸ்நெட் பதிவுகளைச் சேமித்துவந்த டெஜா நியூஸ் நிறுவனத்தின் சேமிப்பை வாங்கி, வேறு பழைய சேமிப்புகளையும் சேர்த்து, 1981 தொடங்கி வந்த பதிவுகளை யாரும் தேடிப் படிக்கும்படி செய்தது. இளமையில் கோபத்தில் எழுதியவை இருபது ஆண்டுக்குப் பின் பெயரோடு தேடலில் வந்தன. மூடிய குழுவானாலும் ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும், வெளியே போய்விடும். பிள்ளைகளின் விவரம், முகவரி, பணியிடத்து விவகாரம் ஆகியவற்றைக் குழுவில் எழுத வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் உங்கள் தொலைபேசி எண்ணை மற்ற உறுப்பினர்கள் பார்க்க முடியும் என்பதையும் சேர்வதற்கு முன்பே கருதுங்கள்.

மனம் ஒட்டவில்லை. சொல்லிவிட்டு விலக வேண்டுமா?

சிறிய குழுவில் சொல்லிவிட்டுப் போவது மரியாதை. பெரிய குழுவில் அதற்குத் தேவையில்லை; பிரிவுரை என்ற பெயரில் நீண்ட குற்றப்பட்டியலை இட்டுவிட்டுப் போவது இருப்பவர்களுக்கே சுமையாகும். வாட்ஸ்அப்பில் 2022 முதல் ஒருவர் விலகினால் நிர்வாகிகளுக்கு மட்டுமே அறிவிப்புப் போகிறது. உங்கள் கேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொன்ன ஒருவர் இருந்தால், போகும் முன் அவருக்கு மட்டும் தனியே நன்றி எழுதுங்கள்.

குழுவே மூடப்பட்டால் அதில் சேர்ந்த அறிவு என்னவாகும்?

யாரும் முன்கூட்டியே எடுத்துவைக்காவிட்டால் போய்விடும். 2001இல் தொடங்கிய யாஹூ குரூப்ஸில் எண்ணற்ற மடலாடற்குழுக்கள் இருந்தன. 2019 அக்டோபரில் அந்நிறுவனம் பழைய மடல்களையும் கோப்புகளையும் நீக்கப்போவதாக அறிவித்தது. உறுப்பினர்கள் தங்கள் தரவுகளை எடுத்துக்கொள்ளச் சில மாத அவகாசமே கிடைத்தது. 2020 டிசம்பர் 15 அன்று சேவையே நின்றது. தன்னார்வலர்கள் இயன்றவரை சேமித்தார்கள். நிர்வாகிகள் ஓய்ந்துபோன, உறுப்பினர்கள் எப்போதோ கலைந்துபோன குழுக்களுக்காகப் பேச ஆளில்லை.

ஆகவே உங்கள் குழுவில் நல்ல இழை ஒன்று கண்ணில் பட்டால் அதை உங்கள் கணினியில் சேமித்துவையுங்கள். நிர்வாகியாக இருந்தால், ஒருவருக்கு மேற்பட்டவர்களிடம் நிர்வாக உரிமையைக் கொடுத்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுச் சேமிப்பையும் தரவிறக்கி வையுங்கள். வாட்ஸ்அப்பில் உரையாடலை ஏற்றுமதி செய்யும் வசதி உண்டு. டெலிகிராமின் கணினிச் செயலியிலும் உண்டு. மற்றவர்கள் எழுதியதைப் பொதுவில் வெளியிடுவதாக இருந்தால், எழுதியவர்களிடம் முதலில் அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைக்காதவற்றைப் பெயரின்றி, சாரத்தை மட்டும் எடுத்து, குழுவின் கேள்வி பதில் பக்கத்தில் சேர்த்துவிடலாம்.